அவர் இல்லாத நான்கு ஞாயிறுகள்

எங்கள் பயிற்சி நிலையம் மாத்தளை நகரில் ஒரு பழைய வாடகை வீடு. முன்னறையில் இருபது நாற்காலிகளும் ஒரு கரும்பலகையும் இருந்தன. பின்னறைகள் இரண்டிலும் பாய் விரித்துப் படுக்கலாம். தோட்டங்களில் சிறு சபைகளை நடத்துகிறவர்களும், கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களின் பாலர் பள்ளிகளையும் விடுதிகளையும் பார்த்துக்கொள்கிறவர்களும் மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை வந்து சனிக்கிழமை பின்னேரம் திரும்புவார்கள். இரண்டு வருடப் பயிற்சி. முடித்தவர்களுக்குச் சபை நடத்தும் அதிகாரம் எழுத்தில் கிடைக்கும்.

நான் அங்கே வேதம் கற்பிக்கவில்லை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்பினேன். கூட்டக் குறிப்பு, கடிதம், அறிக்கை ஆகிய மூன்றையும் எப்படி எழுதுவது என்பதுதான் என் பாடம். முதல் நாளில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: "கர்த்தருடைய பெரிதான கிருபையினாலே கூட்டம் மிகவும் ஆசீர்வாதமாக நடந்தேறியது." நான் சிவப்புப் பேனையால் பக்கத்தில் எழுதுவேன்: எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை மணிக்குத் தொடங்கியது? பார்த்ததை எழுதுங்கள், கேட்டதை எழுதுங்கள், அடைமொழி வேண்டாம் என்பேன். இரண்டு வருடத்தில் பாதிப் பேர் திருந்துவார்கள்.

நான் சொல்லப்போகிறவர் திருந்தாத பாதியைச் சேர்ந்தவர். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. கொழுந்து காயவைக்கும் பகுதி. நாற்பது வயதிருக்கும். அந்தத் தோட்டத்துச் சபையைப் பல வருடங்களாகத் தனி ஆளாக நடத்திவந்தார். கதவு திறப்பதும், மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பதும், பாட்டுத் தொடங்குவதும், பிரசங்கமும், நோயாளிகளின் பெயர்களை வாசித்து ஜெபிப்பதும், முடிவில் வாங்குகளை அடுக்குவதும் அவரே. அவருடைய அறிக்கைகளில் கிருபை இல்லாத வரி இருக்காது.

எங்கள் நிலையத்தில் கடைசித் தேர்வு எழுத்தில் நடப்பதில்லை. பயிற்சி பெறுகிறவர் தன் சபையை விட்டு நான்கு ஞாயிறு விலகி, மாத்தளையில் எங்களோடு தங்க வேண்டும். முதல் ஞாயிறுக்கு மட்டும் ஏற்பாடு எழுதிக்கொடுக்கலாம். அதன் பிறகு அவர் சபைக்குச் செய்தி அனுப்பக் கூடாது. சபையாரும் அவருக்கு அனுப்பக் கூடாது. நான்காம் ஞாயிறு எங்களில் ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். திங்கட்கிழமை குழு கூடும். சபை நடந்திருந்தால் அவர் தேறினார்.

இந்த விதியை ஏற்படுத்தியவர் நிலையத்தின் பொறுப்பாளர். ஓய்வு பெற்ற போதகர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் மலையகத்தில் இருந்தும் பேச்சு மாறவில்லை. விதிக்குக் காரணம் இருந்தது. முன்பு எங்களிடம் படித்த ஒரு உபதேசியாரை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துப் போய் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். சபை கூடும் கோயிலின் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஐந்து ஞாயிறும் அவருடைய சபையார் பூட்டிய கதவின் முன்னால் கூடி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். பூட்டை உடைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்டோர்காரர் தேர்வுக்கு வந்த முதல் நாள் பொறுப்பாளர் அவரைக் கேட்டார்.

"நீர் வராட்டி உம்மட சபை என்ன செய்யும்?"

"நான் வராம இருக்கமாட்டேனுங்க ஐயா."

"ஆமிக்காரன் மறிச்சால்?"

ஸ்டோர்காரர் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"அதுக்குத்தான் இந்த நாலு ஞாயிறு," என்றார் பொறுப்பாளர்.

தேர்வில் அவர் தவறினால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சபை நகரத்துச் சபையோடு சேர்க்கப்படும். மாதம் ஒருமுறை யாராவது மேலே போவார்கள். மற்ற ஞாயிறுகளில் அவர்கள் பஸ் பிடித்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, மாத்தளைக்கு வர வேண்டும். வரமாட்டார்கள். ஒரு வருடத்தில் கோயில் ஸ்டோரின் சாக்கு வைக்கும் அறையாகிவிடும். வேறொரு தோட்டத்தில் அப்படி ஆனதை அவரே பார்த்திருந்தார்.

அது வெயில் காலம். கொழுந்து குறைவு, ஸ்டோர் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. தோட்டத்துத் துரை சம்பளமில்லா லீவு கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் உடைந்த நாற்காலிகளைச் சரிசெய்தார், சமையலறைக்கு வெள்ளை அடித்தார், பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். ஞாயிறு காலை மட்டும் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியாது. எட்டரை மணிக்கு முன்னறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்காருவார்.

"இப்ப தண்டவாளம் அடிச்சிருக்கணும் சார்," என்பார். கொஞ்சம் பொறுத்து, "மொதப் பாட்டு முடிஞ்சிருக்கும்," என்பார்.

அவருடைய கவலையில் பாதி சபையைப் பற்றியது. மறுபாதி ஒரு நண்பரைப் பற்றியது. அந்த நண்பர் ஸ்டோரில் விறகு போடுகிறவர். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்தார். பல மாதமாக நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நாற்காலிக்கு ஆணி அடித்தபடியே அவர் சொன்னார்:

"அவன் என்னைய நக்கலடிப்பான் சார். 'டேய், நீ செத்தாலும் பெட்டிக்குள்ளருந்து எந்திரிச்சு நீயேதான் பாட்ட தொடங்குவ'ம்பான். போன மாசம் படுக்கையில கெடந்துக்கிட்டு சொல்றான், 'எனக்காவது ஒழுங்கா நடத்துடா. ரொம்ப நேரம் பிரசங்கம் பண்ணாத, தூக்கிட்டு வர்றவனுங்களுக்குத் தோள் வலிக்கும்.'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஒனக்கு ரெண்டு மணித்தியாலம் பேசுவேன்டா'ன்னேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்காம் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான் மேலே போனேன். நகரம் முடியும் இடத்தில் வழக்கம்போல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துச் சாவடியைக் கடந்து, அந்தப் பக்கம் ஏறினோம். சந்தியில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரை நடக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. கோயில் ஒரு தகரக் கூரைக் கட்டடம். கதவு திறந்திருந்தது. எட்டரைக்குத் தண்டவாளம் அடித்தது. நான் பின் வாங்கில் உட்கார்ந்து எண்ணினேன்: பெரியவர்கள் முப்பத்தொரு பேர்.

கூட்டத்தை நடத்தியவர் பிள்ளைக் காம்பரா அக்கா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். சத்தமாக, தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவர். கையில் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். அவற்றைப் பார்த்துப் பாட்டு எண்களைச் சொன்னார், வேதபாகத்தைச் சொன்னார். பிறகு நோயாளிகளின் பெயர்கள். மூன்று பெயர்களில் முதற்பெயர் விறகுக்காரருடையது. "பூரண சுகம் கிடைக்கும்படியாக" என்று வாசித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிறகு அறிவித்தல்: வரும் வியாழக்கிழமை தொங்கல் லயத்தில் ஜெபக் கூட்டம். பிறகு ஆசீர்வாதம். ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது.

நல்ல கூட்டம். அறிக்கையை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். வெளியே வந்து ஸ்டோர்காரருடைய மனைவியிடம், "வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டேன்.

"அது போன மாசமே முடிஞ்சுருச்சுங்க சார்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அக்காவிடம் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஸ்டோர்காரருடைய கையெழுத்து. முதல் ஞாயிறுக்காக எழுதிக்கொடுத்தது. திகதி இல்லை. அடியில் கோடு போட்டு, "இதன்படி நடத்தவும்" என்று எழுதியிருந்தார்.

"நாலு ஞாயிறும் இதைத்தான் வாசிச்சீங்களா?"

"ஆமாங்க."

"அதே பாட்டு? அதே வசனம்?"

"ஆமாங்க சார். வேற சிட்டு வரலையே."

தோட்டத்தில் வேலைக்கட்டளை அப்படித்தான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் துரை எழுதிய சிட்டை ஒட்டினால், அடுத்த சிட்டு வரும்வரை அதுதான் சட்டம். கவ்வாத்து மலை எது, கொழுந்து மலை எது என்பதை யாரும் தாமாக மாற்றுவதில்லை. மாற்றினால் அன்றைய சம்பளம் போய்விடும். அக்கா அதே ஒழுங்கோடு ஒரு தாளை நான்கு வாரம் நடத்தியிருந்தார்.

"சுகமில்லாதவங்க பேரும் அதேதானா? விறகுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?"

அக்கா ஸ்டோர்காரருடைய மனைவியைப் பார்த்தார். மனைவி கோயில் கதவைப் பார்த்தார்.

"அந்த அண்ணன் செத்து பத்து நாளுக்கு மேல ஆகுதுங்க சார்," என்றார் அக்கா.

இரண்டாம் ஞாயிறு முடிந்து புதன்கிழமை இறந்திருந்தார். வியாழக்கிழமை அடக்கம்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஏன் சொல்லி அனுப்பல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஐயாதான சொன்னாங்க, எதுவும் சொல்லி அனுப்பக் கூடாதுன்னு. அனுப்புனா பரீட்ச கெட்டுப்போகும்னாங்களே."

"சாவுக்குமா?"

"எதுவும்னா எதுவுந்தானுங்களே."

இறந்தவருக்காக ஏன் சுகம் கேட்டு ஜெபித்தீர்கள் என்று கேட்டேன். "எழுதுனது அவரு சார். அவரு வந்து பேர அடிச்சாத்தான் அடிச்சது," என்றார் அக்கா. விறகுக்காரரின் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தார். "பேர வாசிச்சா கேக்க நல்லாத்தானுங்க இருக்கு," என்றார்.

அடக்கம் எப்படி நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். தோட்டத்தில் கொடுத்த பலகையில் பெட்டி அடித்தார்கள். இறந்தவரின் அண்ணன் குடும்பம் அம்மன் கோயிலுக்கு மாலை போடுகிற இந்துக் குடும்பம். அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். சபையின் ஆராதனைப் புத்தகம் ஸ்டோர்காரருடைய ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. சாவி மனைவியிடம் இருந்தும், அவர் சொல்லாமல் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. புத்தகம் இல்லாமலே புதைத்தார்கள். தெரிந்த பாட்டை ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்தார்கள். அக்கா ஒரு சங்கீதம் வாசித்தார். தனியாக ஜெபிக்க எல்லோரும் பின்வாங்கியதால், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு: தலைவர் இல்லாதபோது நடத்தியவர். "அடக்கத்தை நடத்தினது யார்?" என்று கேட்டேன். அக்கா, ஸ்டோர்காரருடைய மனைவியைக் காட்டினார். மனைவி, இறந்தவரின் அண்ணனைச் சொன்னார். லயத்துக்குப் போய்க் கேட்டபோது அண்ணன், "நாங்க தூக்குனோம், நடத்துனது கோயில் ஆளுங்க," என்றார். பத்திரிகையில் இருந்தபோது ஒரு பெயரைக் கேட்டு வாங்காமல் நான் எந்த இடத்தையும் விட்டு வந்ததில்லை. அன்று "பலர்" என்று எழுதிக்கொண்டேன்.

புறப்படும்போது ஸ்டோர்காரருடைய மனைவி சந்திவரை கூட வந்தார்.

"சார், இன்னக்கி அவருகிட்ட சொல்லிறாதீங்க. சொன்னா அந்த நிமிசமே பஸ் ஏறிருவாரு. நாளைக்கி கமிட்டி முடியட்டும். இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தது வீணாப் போயிரும்."

சொல்லமாட்டேன் என்றேன்.

மூன்றரை மணிக்கு நிலையத்துக்கு வந்தேன். ஸ்டோர்காரர் வாசல் படலையில் நின்றுகொண்டிருந்தார்.

"கூட்டம் இருந்துச்சா சார்?"

"இருந்தது. முப்பத்தொரு பேர்."

முகம் மலர்ந்தது. "தண்டவாளம் நேரத்துக்கு அடிச்சாங்களா?"

"எட்டரைக்கு."

"மச்சான் எப்புடி இருக்கான்?"

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. பதினைந்து மாணவர்களுக்கு முன்னால் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள் என்று சொல்கிறவன். ஆகவே கேட்டதைச் சொன்னேன்.

"ஜெபத்துல பேர் வாசிச்சாங்க."

"அப்ப இன்னும் எந்திரிக்கல," என்றார். "சரி. நாளைக்கிப் போயி பாத்துக்கிறேன்."

அன்று மாலை அவர் கடைக்குப் போய் ஒரு சிறிய ஹோர்லிக்ஸ் போத்தல் வாங்கி வந்து பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

வழக்கமாக என் அறிக்கையைக் குழு தனியாக வாசிக்கும். பிறகுதான் பயிற்சி பெறுகிறவரை உள்ளே அழைப்பார்கள். நான் அதை நம்பி எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்: நான்கு வாரமும் ஒரே தாள், அடக்கம், புத்தகம் திறக்கப்படாதது, "பலர்". குழு முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்துச் சொல்வது என் திட்டம். ஆனால் திங்கட்கிழமை காலை நகரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது: பன்னிரண்டுக்குப் பிறகு கடைகளை அடைக்கச் சொல்லியிருக்கிறார்களாம், பஸ் ஓடாதாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அந்த வருடங்களில் அதை யாரும் கேட்பதும் இல்லை. பொறுப்பாளர் அவசரப்பட்டார்.

"ஆளையும் கூப்பிடும். ஒண்டாய் வாசிச்சு முடிப்பம். பஸ்ஸை விட்டால் இவர் மேல போகேலாது."

நான் எழுந்து, "ஐயா, அதை நீங்க முதல்ல பார்த்தால் நல்லது," என்றேன்.

"என்னத்துக்கு? ஆளுக்கு முன்னால வாசிக்கிறதுதான் ஒழுங்கு," என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டினார்.

ஸ்டோர்காரர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பொறுப்பாளர் வாசிக்கத் தொடங்கினார். நான் வாக்கியங்களைச் சின்னதாக எழுதுகிறவன். நிறுத்த இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இரண்டாம் ஞாயிறுக்குப் பின் வந்த வியாழக்கிழமை சபையார் தாங்களாகவே ஓர் அடக்க ஆராதனையை நடத்தினார்கள். இறந்தவர் ஸ்டோரில் விறகு போடும் தொழிலாளி."

பொறுப்பாளர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"ஐயா, அத திரும்ப வாசிங்க," என்றார் ஸ்டோர்காரர்.

அவர் திரும்ப வாசித்தார். பாதியில் விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றினார்.

ஸ்டோர்காரர் என் பக்கம் திரும்பினார். "பேர் வாசிச்சாங்கன்னு சொன்னீங்களே சார்."

"வாசிச்சாங்க," என்றேன்.

அவர் எழுந்து பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். பொறுப்பாளர் வாசல்வரை போய், "தம்பி, பொறும், இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார். அவர், "பஸ்ஸு போயிருங்க ஐயா," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

குழு பத்து நிமிடம் பேசியது. நகரத்துச் சபையிலிருந்து வந்த ஒருவர், ஒரே தாளை நான்கு வாரம் வாசித்த சபையைத் தேறியதாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். பொறுப்பாளர், "தாள் இல்லாத இடத்தில புதைச்சிருக்கினம். இன்னும் என்ன வேணும்?" என்றார். தேறியதாக முடிவானது. கூட்டக் குறிப்பை நான் எழுதினேன். அன்று கடைகள் அடைக்கப்படவில்லை; பஸ்களும் ஓடின.

பொறுப்பாளர் அன்றே விதிகள் எழுதிய தாளை எடுத்து, மரணமும் கடும் நோயும் உடனே அறிவிக்கப்பட வேண்டும் என்று தன் கையால் ஒரு வரி சேர்த்தார். அதுவரை நான்கு பேர் அந்தத் தேர்வை முடித்திருந்தார்கள். எங்களில் ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை.

தேறியவர்கள் தங்கள் நான்கு ஞாயிறுகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அதிகாரப் பத்திரம். அவருடைய பத்திரம் இரண்டு மாதம் என் மேசை லாச்சியில் கிடந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். சபை எப்படி என்று கேட்டேன். நடக்கிறது என்றார். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டேன். "ஒரு வாரம் நான், ஒரு வாரம் அக்கா," என்றார். தாள் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். முன்பெல்லாம் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவர். அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

அறிக்கையை மேசையில் வைத்தார். பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அறிக்கை ஒரு பக்கம்தான் இருந்தது. கிருபை என்ற சொல் அதில் இல்லை.

"நாலு ஞாயிறு நான் சபையில் இருக்கவில்லை. நாலு ஞாயிறும் கூட்டம் நடந்தது. சராசரி முப்பது பேர். நான் எழுதிய தாளில் திகதி போடவில்லை. அது என் பிழை. இரண்டாம் ஞாயிறுக்குப் பின் புதன்கிழமை என் நண்பர் இறந்தார். வியாழக்கிழமை சபையார் அடக்கம் செய்தார்கள். பிரசங்கம் இல்லை. எனக்குச் சொல்லவில்லை. விதி அப்படி. நாலாம் ஞாயிறு பின்னேரம் சாரிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். ஜெபத்தில் பேர் வாசித்தார்கள் என்று சார் சொன்னார். அது உண்மை. நான் ஒரு ஹோர்லிக்ஸ் வாங்கினேன்."

வழக்கம்போல சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. மேல் மூலையில், அறிக்கை கிடைத்த திகதியைப் போட்டுக் கோப்பில் வைத்தேன்.